குத்துச்சண்டை வீரர் நடிக்கப் போகும்போது செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுப்பவர்களுக்குச் சண்டைக் காட்சி என்றவுடன் நினைவுக்கு வருவது பக்கத்தூர்க் குத்துச்சண்டை வீரர்தான். உடற்கட்டு இருக்கிறது, அடிக்கத் தெரியும், சம்பளமும் அதிகம் கேட்கமாட்டார். அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு நடிப்புப் பிடித்துப்போய், இரண்டையும் தொழிலாகக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வருகிறது. ஆசையில் பிழையில்லை. அமெரிக்காவின் காலி ரீஸ் இரண்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 2021இல் முதன்முதலில் திரையிடப்பட்ட ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தார். 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடருக்காக எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். இரண்டு தொழிலுக்கும் ஒரே உடல்தான் என்பதை மறப்பதில்தான் பிழைகள் தொடங்குகின்றன.

குத்தத் தெரிந்தவனுக்குச் சண்டைக் காட்சி சுலபம் என்று நினைப்பது முதல் தவறு. உண்மையில் அவருக்குத்தான் அது கடினம். வளையத்துக்குள் நல்ல குத்து என்பது எதிராளிக்குத் தெரியாமல் வருவது. நாடியைத் தாழ்த்தி, இடது தோளால் வாயை மறைத்து, வலது கையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, குறுகிய தூரத்தில் நேராக விடுவார்கள். கமராவுக்கு இதில் ஒன்றுகூட உதவாது. முகத்தை இரண்டு கைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் நடிகரை வைத்துக்கொண்டு இயக்குநர் என்ன செய்வார்? சினிமாக் குத்து அகலமாகச் சுற்றி வரவேண்டும். முஷ்டி எதிர்நடிகரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடந்துபோகும். கமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்தால் அந்த இடைவெளி பார்ப்பவருக்குத் தெரியாது. அடி வாங்குபவர் சரியான கணத்தில் தலையைத் திருப்பினால்தான் குத்து விழுந்ததாகத் தோன்றும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

பார்வையும் அப்படித்தான். எதிராளியின் நெஞ்சையும் தோளையும் பார் என்று பயிற்றுநர்கள் பழக்கியிருப்பார்கள். அதே பழக்கத்தோடு காதலியிடம் வசனம் பேசினால், அவளுடைய தோள்பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதுபோல இருக்கும்.

இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை. நோவை மறைப்பது குத்துச்சண்டையில் பாதித் திறமை. விலாவில் விழுந்த அடி வலிக்கிறது என்று முகம் காட்டிவிட்டால், எதிராளி அடுத்த அடியையும் அங்கேயே போடுவான். ஆண்டுக்கணக்காக அப்படி இறுக்கிவைத்த முகத்தை, தாயின் பிணத்தின் முன்னால் உடைந்து அழச் சொன்னால் எப்படி உடையும்? இதற்கு மருந்து உடற்பயிற்சிக் கூடத்தில் இல்லை, மேடையில் இருக்கிறது. நம்மூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. அண்ணாவியார் ஒருவரிடம் போய்க் கூத்துப் பழகலாம். திருமறைக் கலாமன்றம் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம் போன்ற மேடைகளில் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்கலாம். ஆடிக்கொண்டே பாடும் கூத்துக்காரருக்கு வேண்டிய மூச்சு, எட்டுச் சுற்றுச் சண்டைக்காரருக்கு வேண்டியதிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. அங்கே மட்டும் வீரர் பாதி வழி முன்னால் நிற்கிறார்.

அடுத்தது நாட்காட்டி. பெருந்தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. சண்டைக்கு முன், தன் எடைப் பிரிவுக்குள் நிற்பதற்காக எடை இறக்கும் வாரத்தில் தண்ணீரைக் குறைப்பதால் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, குரல் கரகரத்துப் போகும். வசனமும் நினைவில் நிற்காது. எடை பார்த்து முடித்து இரண்டு நாள் சாப்பிட்டால் முகம் வேறாகிவிடும். அந்த இரண்டு முகங்களையும் ஒரே காட்சியில் ஒட்டவைக்க முடியாது. புருவத்துக்கு மேல் பிளந்து தையல் போட்டால் இன்னும் மோசம்: கதைப்படி அதே மாலை, நேற்று எடுத்ததில் நெற்றி சுத்தமாக இருக்கிறது, இன்று மூன்று தையல். படப்பிடிப்பு முழுவதும் நிற்கும். ஆகவே ஒரு சண்டைக்கும் படப்பிடிப்பின் முதல் நாளுக்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி விடவேண்டும்.

நொக்கவுட் ஆனவர் குறிப்பிட்ட காலத்துக்கு வளையத்தில் இறங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஓய்வுக் காலத்தைத்தான் பலர் "சும்மா இருக்கிற நேரம், நடித்துவிட்டு வரலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். ஓய்வு கொடுத்தது மூளைக்கு. பாய்ந்து விழும் காட்சியில் தலை மறுபடி அடிபட்டால், அது படக்காட்சி என்று மூளைக்குத் தெரியாது. தொடர்ந்து தலையில் அடி வாங்கியவர்களுக்கு நடை தள்ளாடி, பேச்சுக் குழறும் நிலையை மருத்துவர் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவைத்தார். நடிகருக்கு நாக்குத்தான் முதல். வார்த்தை தடுக்க ஆரம்பித்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஒப்பந்தமான சண்டையைக் கைவிட வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

எதிர்த்திசையில் போனவர் ஹாலிவுட்டின் மிக்கி ரூர்க். பெயர்பெற்ற நடிகராக இருந்துகொண்டே 1991 முதல் 1994 வரை தொழில்முறைச் சண்டைகளில் இறங்கினார். எட்டில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் மூக்கும் கன்ன எலும்பும் உடைந்து, முகத்தைச் சீரமைக்கப் பல சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டன. சண்டைப் பதிவேட்டில் அந்தக் கணக்கு வராது.

இந்தியக் குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கை உதாரணம் காட்டுபவர்கள் வரிசையை மறந்துவிடுகிறார்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று பெயர் எடுத்த பிறகுதான் 2014இல் ஹிந்திப் படத்தில் நடித்தார். 2015இல் தொழில்முறைக்கு மாறினார். நம் நாட்டில் கிளிஃபர்ட் கிண்ணம், லேட்டன் கிண்ணம் ஆகியவை அமெச்சூர் போட்டிகள். அவற்றில் ஒன்றிலும் பெயர் எடுக்காமல் "தொழில்முறை வீரர்" என்று போஸ்டரில் போட்டுக்கொள்வதால் இரண்டு பக்கமும் மதிப்பில்லை.

எதிராளியோடு சேர்ந்து நடிப்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். குத்துச்சண்டை வீரர்களான மக்ஸ் பேரும் பிரிமோ கார்னெராவும் 1933இல் ஒரே ஹாலிவுட் படத்தில் நடித்தார்கள். கார்னெரா அப்போது உலகச் சாம்பியன். மறு ஆண்டு ஜூனில் பேர் அவரைத் திரும்பத் திரும்ப விழுத்தி, 11ஆம் சுற்றில் பட்டத்தைப் பறித்தார். படப்பிடிப்பில் கூடவே நின்று கார்னெராவின் அசைவுகளைப் பேர் படித்துவைத்தார் என்று சொல்வதுண்டு. நான் நம்புகிறேன்.

சென்னைத் தமிழை அரைகுறையாகப் பாவனை செய்வது தேவையில்லாத வேலை. யாழ்ப்பாணப் பேச்சு உங்களிடம் இலவசமாக இருக்கிறது. அந்தப் பாத்திரங்களுக்கு அதைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். படத் தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தில் ஆபத்தான விளையாட்டுகளுக்குத் தடை இருக்கக்கூடும். சண்டை ஏற்பாட்டாளரின் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமை அவர் கைக்குப் போயிருக்கக்கூடும். இரண்டையும் ஒரே சட்டத்தரணியிடம் ஒரே மேசையில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். சென்னையில் வாய்ப்பு என்று சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே சம்பளத்துக்கு நடிக்கவும் முடியாது.