பிரிந்த காதலர் மீண்டும் சேரும் 'இரண்டாம் வாய்ப்பு' கிறிஸ்தவக் காதல் கதையில் மன்னிப்பை எங்கே வைப்பது?

பிரிவின் காரணத்தை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். 'சூழ்நிலை சரியில்லை' என்றால் கதை நிற்காது, ஒருவர் செய்த தவறு வேண்டும். பெங்களூரு சிவாஜிநகரில் நடக்கும் கதையா? அவள் கட்டிவந்த சீட்டுப் பணத்தை அவன் சொல்லாமல் எடுத்துச் செலவழித்தான் என்பதே போதும்.

20 அத்தியாயமென்றால் மறுசந்திப்பு 2-இல், மன்னிப்பு 15-க்குப் பிறகு. பலர் 6-லேயே ஜெபம் பண்ணவைத்துச் சேர்த்துவிடுகிறார்கள், அதோடு கதை செத்துப்போகும். ஜெபம் மனதை மாற்றட்டும், கடனை அவன்தான் அடைக்க வேண்டும். மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கட்டும். அவள் நோட்டை எண்ணிப் பார்த்தே வாங்கட்டும்.

பைபிளில் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்தது கரிநெருப்பருகே (18:18). இயேசு அவனிடம் மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்பதும் கரிநெருப்பு போட்ட கரையில்தான். அதுவும் சாப்பிட்ட பிறகு! உங்கள் ஒப்புரவுக் காட்சிக்கும் இதே கட்டமைப்பு அருமையாகப் பொருந்தும்.

ஒரு சபையின் சொற்களை இன்னொன்றோடு கலக்காதீர்கள். கத்தோலிக்கருக்குப் பூசை, பங்குத்தந்தை, செப்டம்பர் 8 மாதா திருவிழா, சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை, ஆயர். திருமண ஓலை, அதாவது திருமணத்துக்கு முன் கோவிலில் வாசிக்கும் அறிவிப்பு, மூன்று முறை வாசிக்கப்படும் வாரங்களை வீணாக்க வேண்டாம். அவள் அண்ணன் ஆட்சேபம் சொல்ல எழுந்திருக்கலாம்.