ஒரே குடும்பப்பெயர், பல வேர்கள்: கூட்டாய்வில் கிளைகளைப் பிரித்தெடுக்கும் முறை

ஒரே குடும்பப்பெயரைக் கொண்ட மூன்று கிளைகளைப் பிரித்தறிய எனக்கும் வேறு நான்கு ஆய்வாளர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முதலாண்டு முழுவதும் ஆட்களை இணைத்தோம். இரண்டாமாண்டு முழுவதும் இணைத்தவர்களைப் பிரித்தோம். ஆகவே இவ்விளக்கம், பதிவேடுகளைத் தேடத் தெரிந்தும் ஒரே பெயர்க்காரர்கள் நடுவே சிக்கிக்கொண்டவர்களுக்கானது.

முதற்படி எளிது. எந்த வட்டாரம், எந்தக் காலம், பெயரின் எந்தெந்த எழுத்து வடிவங்கள் என்று குழுவினர் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில் ஒரே மனிதரின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும் என்பதால், எழுத்து வேறுபாட்டை மட்டும் வைத்துக் கிளை பிரிக்கக் கூடாது. உயிரோடிருப்பவர்களின் விவரங்கள் பொதுக் கோப்பில் ஏறக் கூடாது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

அடுத்ததாக, ஒரு பொது விரிதாள் தேவை. அதில் ஒரு வரிசை ஓர் ஆளுக்கு உரியதன்று. ஓர் ஆவணத்தில் ஒரு பெயர் ஒருமுறை வருவதற்கு உரியது. பெயரும் தேதியும் மூலத்தில் உள்ளபடியே, அவர் அங்கே மணமகனா, சாட்சியா, நிலம் விற்றவரா, உடன் யார் யார் குறிப்பிடப்பட்டுள்ளனர், நம்மில் யார் மூலத்தையே பார்த்தார், யார் பெயரடைவை மட்டும் பார்த்தார் என்பவை தனித்தனிப் பத்திகளாக இருக்கட்டும். வம்சாவளி மென்பொருளை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஒரு பதிவை உள்ளிடும்போதே அது யாருடையது என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. நமக்குத் தெரியாததே அதுதான். கிளைகள் தெளிந்த பிறகு கிராம்ப்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளே போதுமானது.

நான் இடறியது மூன்றாம் படியில், அதாவது எந்தெந்த வரிசைகள் ஒரே மனிதருக்கு உரியவை என்று தீர்மானிக்கும் இடத்தில். ஒரே பத்தாண்டில், ஒரே ஊரில், ஒரே பெயரில் ஒருவர் வந்தார். மனைவியின் முதற்பெயரும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போயிற்று. தயங்காமல் ஒருவராக்கினேன். பல வாரங்கள் கழித்து, குழுவில் ஒருவர் மூல ஆவணங்களின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், ஒரு பத்திரத்தில் தெளிவான கையெழுத்தும் மற்றொன்றில் எழுதத் தெரியாதவர் இட்ட கீறலும் இருப்பது தெரிந்தது. நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட முடியாமற்போனவரும் கீறல் இடுவதுண்டு என்பதால் அது மட்டும் சான்றாகாது. ஆனால் ஒருவர் அடக்கம்செய்யப்பட்ட பின்னும் மற்றவர் நிலம் விற்றிருந்தார் என்பது ஐயத்தைத் தீர்த்துவிட்டது.

இவ்வகைச் சிக்கலில் பெயரைக் காட்டிலும் பெயரைச் சுற்றியிருப்பவர்களே கைகொடுப்பார்கள். மரபுவழி ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸ் வலியுறுத்தும் வழியும் இதுவே: நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் ஆகியோரையும் சேர்த்தே ஆராய வேண்டும். நில எல்லையில் குறிப்பிடப்படும் பக்கத்து நிலக்காரர்களும் திரும்பத் திரும்ப வரும் சாட்சிகளும் ஒரு கிளையை மற்றொன்றிலிருந்து தெளிவாகப் பிரித்துக்காட்டுவார்கள். வாங்கியதற்குப் பத்திரமே இல்லாத நிலத்தை ஒருவர் விற்றால், அது தந்தைவழி வந்ததா என்று தேடுங்கள். பழைய பதிவுகளில் மூத்தவர், இளையவர் என்றிருந்தால் தந்தையும் மகனும் என்று முடிவுகட்டாதீர்கள். உறவே இல்லாத இருவரை வயதால் வேறுபடுத்தவும் அப்படி எழுதினார்கள்.

அதன்பின் எங்கள் குழு ஒரு விதியை வகுத்துக்கொண்டது. இருவரை ஒருவராக்க, குழுவில் இருவராவது காரணத்தை எழுதி ஒப்ப வேண்டும். பிரித்துவைக்க ஒருவரின் ஐயமே போதும்.

ஆவணங்கள் தீர்ந்துபோன இடத்தில் மரபணுச் சோதனை உதவும். ஒய் நிறப்புரி (ஒய் குரோமோசோம்) தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதால், குடும்பப்பெயரும் அவ்வழியே செல்லும் சமூகங்களில் இது மிகப் பொருத்தமானது. ஒய் நிறப்புரியை வைத்து வகுத்த தந்தைவழிப் பிரிவுகளில் ஒரு கிளையினர் ஆர்1பி பிரிவிலும் மற்றவர் ஐ1 பிரிவிலும் இருந்தால், பெயர் தோன்றிய காலத்துக்குள் அவர்களுக்குப் பொதுவான தந்தைவழி முன்னோர் இருக்க முடியாது. தத்தெடுப்பு போன்றவற்றால் இடையில் தொடர் அறுந்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு கிளையிலும் தூரத்து உறவினர் இருவரையாவது சோதிக்க வேண்டும். முடிவுகள் பொருந்தினாலும் பொதுவான முன்னோர் உண்டு என்றுதான் தெரியும். அவர் யார் என்பதை ஆவணமே சொல்ல வேண்டும். எல்லா முன்னோரையும் தொடும் பொதுச் சோதனையில், கொள்ளுத்தாத்தா பாட்டி பொதுவாக உள்ள உறவினர் சராசரியாக 3.125 விழுக்காடு மரபணுவைப் பகிர்கிறார்கள். அதற்கும் ஒரு தலைமுறை தள்ளிப்போனால் சிலரிடம் பகிர்வே தென்படாது.

வம்சாவளிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பரிமாற ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் பழக்கத்தில் உள்ளது. அதன் 7.0 பதிப்பு 2021இல் வந்தபோதும் பல மென்பொருள்கள் இன்னும் 5.5.1ஐயே கையாள்கின்றன. அடிக்குறிப்புகள் வழியில் உதிர்ந்துபோகக்கூடும் என்பதால் பத்துப்பேர் கொண்ட சிறு கோப்பை முதலில் அனுப்பிப் பாருங்கள். விக்கிட்ரீ, ஃபேமிலிசர்ச் போன்ற வம்சாவளி இணையதளங்களில் உலகுக்கே ஒரே மரம்; அங்கே ஒரு தவறான இணைப்பு எல்லோருடைய முன்னோரையும் மாற்றிவிடும். குழுவுக்குள் உடன்பாடு வராமல் அங்கே ஏற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: பிரிப்பதிலும் பிழை நேரும் என்று வாசகர்கள் சிலர் எழுதினார்கள், உண்மைதான். இங்கிலாந்தில் 1751 வரை ஆண்டுப்பிறப்பு மார்ச் 25ஆம் நாள். 1752 முதல்தான் ஜனவரி 1. ஆகவே ஏப்ரல் 1731இல் ஒரு குழந்தைக்கும் பிப்ரவரி 1731இல் மற்றொன்றுக்கும் திருமுழுக்கு என்றிருந்தால், இரண்டு மாத இடைவெளியில் இரு குழந்தைகள் எப்படி என்று ஒரே தாயை இருவராக்கிவிடுவோம். அந்தப் பிப்ரவரி உண்மையில் பத்து மாதம் பிந்தையது. விரிதாளில் மூலத் தேதிக்கு அருகே மற்றொரு பத்தி சேர்த்து, 1731/32 என்று குறித்துவையுங்கள்.