பீட்டில்ஸ் பிரிந்த பிறகு: தனி ஆல்பங்களைக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட்டில்ஸை ஒரு சுற்று கேட்டு முடித்தவர்கள் அடுத்து எங்கே வந்து நிற்பார்கள் என்று தெரியும். 'ஆபி ரோடு' மனப்பாடம் ஆகியிருக்கும். கடைசி ஆல்பமான 'லெட் இட் பி'யுடன் கதை முடிந்துவிட்டதே என்று ஏங்கி, ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் தனித்தனியாக என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பிப்பார்கள். அங்கே ஒரு மலையே இருக்கிறது. எங்கள் நண்பர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்த மலையில் அதே நாலைந்து இடங்களில்தான் வழுக்குகிறார்கள். எனக்கும் பழக்கமான இடங்கள்தான், அதனால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. போலி ரெக்கார்டு வாங்குவது, பாதிப் பாட்டில் தள்ளிவிடுவது மாதிரி எல்லாருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

தேதி வரிசையில் தொடங்குவது

எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தவறு இது. தேதிப்படி போனால் முதலில் வருபவை 1968 நவம்பரில் வந்த இரண்டு ஆல்பங்கள். ஜார்ஜ் ஹாரிசனின் 'வொண்டர்வால் மியூசிக்' ஒன்று. ஜான் லெனனும் யோகோ ஓனோவும் வீட்டில் பதிவு செய்த 'டூ வர்ஜின்ஸ்' இன்னொன்று. பின்னதில் பாட்டே கிடையாது, டேப் ஓட்டமும் பேச்சும் சத்தமும்தான். அடுத்து 1969-ல் ஹாரிசனின் 'எலக்ட்ரானிக் சவுண்ட்'. மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்துப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட சோதனைகள். இவற்றைக் கேட்டுவிட்டு "தனியாகப் போனதும் எல்லாருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது" என்று மூட்டை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'வொண்டர்வால் மியூசிக்' மட்டும் வேறு ரகம். ஒரு படத்துக்கான பின்னணி இசை அது. அதில் ஒரு பகுதி 1968 ஜனவரியில் பம்பாயில், ஹெச்.எம்.வி. ஸ்டுடியோவில் பதிவானது. ஷெனாய், சரோட் எல்லாம் கேட்கும். அருமையானது, ஆனால் பிறகு வரலாம். 1970-ல் தொடங்குங்கள்.

"பிரியாமல் இருந்திருந்தால்" பிளேலிஸ்ட்

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது ஒரு தம்பி தன் போனிலிருந்து ஒரு பட்டியலைப் போட்டான். 'மை ஸ்வீட் லார்ட்', 'மேபி ஐ'ம் அமேஸ்டு', 'இன்ஸ்டன்ட் கர்மா', 'இட் டோன்ட் கம் ஈஸி', நடுவில் 'இமேஜின்'. "அண்ணே, 71-ல இவங்க சேர்ந்தே இருந்திருந்தா இதுதான் ஆல்பம்" என்றான். அட்டைப் படம்கூடச் செய்து வைத்திருந்தான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது, சிக்கலே அங்கேதான். "ஜானோட 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' முழுசா கேட்டியா?" என்றேன். "அதுலேர்ந்து ரெண்டு பாட்டு எடுத்துட்டேனே" என்றான்.

இந்த மாதிரிப் பட்டியல் இணையத்தில் எத்தனையோ கிடைக்கிறது. செய்கிறவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. புதிதாக வருகிறவருக்கு அதுவே வாசலாகிவிடும்போது அவர் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆளுக்கு நாலு பாட்டைக் கேட்டதும், மீதியெல்லாம் கழிவு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதன் பிறகு அந்த ஆல்பங்களைத் திறக்கவே மாட்டார். திறந்தாலும் தெரிந்த பாட்டுக்குத் தாவிவிடுவார். இதைக் கூட்டாஞ்சோறு என்றுகூடச் சொல்ல முடியாது, அதையாவது எல்லாரும் சேர்ந்து சமைத்திருப்பார்கள்.

1970 டிசம்பரில் வந்த 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அடிக்கும் மணியோசையுடன் 'மதர்' தொடங்குகிறது. ஒரு நிமிடம்கூட ஓடாத 'மை மம்மிஸ் டெட்' என்ற துணுக்கில் ஆல்பம் முடிகிறது. ஆர்தர் ஜானோவிடம் மனநலச் சிகிச்சை எடுத்த கையோடு லெனன் செய்த ஆல்பம் அது. பிரிந்து போன அப்பாவும் இறந்து போன அம்மாவும்தான் அதன் இரு முனைகள். கருவிகளும் எண்ணி வைத்தாற்போல்தான்: பெரும்பாலும் ஜானின் கிட்டாரும் பியானோவும், கிளாஸ் வூர்மனின் பேஸ், ரிங்கோவின் டிரம்ஸ். கடைசிக்கு முந்தைய பாட்டான 'காட்'-இல், தனக்கு நம்பிக்கை இல்லாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார், பட்டியலின் கடைசியில் பீட்டில்ஸ் வருகிறது. அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை உருவி, 'சேர்ந்திருந்தால்' என்ற பெயரில் ஒரு பட்டியலில் செருகுவது எவ்வளவு அபத்தம்!

ஹாரிசனுடையது இதற்கு நேர் எதிர். 1970 நவம்பரில் வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' மூன்று இசைத்தட்டுகள். குழுவில் இடம் கிடைக்காமல் சேர்ந்துகொண்டே போன பாட்டுகள் மொத்தமாகக் கொட்டிய இடம் அது. 'இசின்ட் இட் எ பிட்டி' 1966-லிருந்தே காத்திருந்த பாட்டு. தலைப்புப் பாட்டை 1969 ஜனவரியில் நால்வரும் ஒத்திகை பார்த்தார்கள், எந்த ஆல்பத்திலும் சேர்க்கவில்லை. அதாவது, சேர்ந்திருந்தபோதே இந்தப் பாட்டுகளுக்கு அங்கே இடமில்லை. பிரிந்ததால்தான் அவை வந்தன. பட்டியல் போடுகிறவர் இந்த ஒரு விஷயத்தை யோசித்தாலே போதும், கையை எடுத்துவிடுவார். எரிக் கிளாப்டன், பில்லி பிரஸ்டன், பேட்ஃபிங்கர் குழுவினர் என்று ஒரு படையே சேர்ந்து வாசித்ததை, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எதிரொலியில் முக்கியெடுத்திருக்கிறார். அத்தனை பேர் கூடிய ஆல்பம், பாப் டிலனுடன் சேர்ந்து எழுதிய மிக மெதுவான பாட்டு ஒன்றுடன்தான் திறக்கிறது. முதல் பாட்டாக 'மை ஸ்வீட் லார்ட்'டைப் போட்டிருந்தால் கடையில் இன்னும் எளிதாக விற்றிருக்கும். அவர் போடவில்லை.

பால் மெக்கார்ட்னி கதை இன்னும் சுவாரசியம். 1970 ஏப்ரலில் வந்த 'மெக்கார்ட்னி' ஆல்பத்தில் எல்லாக் கருவிகளையும் அவரே வாசித்தார், குரல் சேர்க்க மனைவி லிண்டா மட்டும். 'லெட் இட் பி' வரப்போகிறது, உன்னுடையதைத் தள்ளிப்போடு என்று கேட்க மற்றவர்கள் ரிங்கோவைத் தூது அனுப்பினார்கள். பால் அவரை வீட்டை விட்டு விரட்டிவிட்டார். அடுத்த ஆண்டு 'ராம்' (ஆட்டுக்கடா) வந்தது. அதன் பின்னட்டையில் ஒரு வண்டு இன்னொரு வண்டின் மேல் ஏறி நிற்கும் படம். வண்டுக்கு ஆங்கிலத்தில் 'பீட்டில்', யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. முதல் பாட்டிலேயே ஜானுக்கு ஒரு குத்து. ஜான் சும்மா இருப்பாரா? அதே ஆண்டு 'இமேஜின்' ஆல்பத்தில் 'ஹவ் டு யூ ஸ்லீப்?' என்று பாலை நேராகவே தாக்கினார், அதில் ஸ்லைடு கிட்டார் வாசித்தது ஜார்ஜ். போதாததற்கு ஒரு அஞ்சல் அட்டை வேறு. 'ராம்' அட்டையில் பால் ஆட்டுக்கடாவின் கொம்பைப் பிடித்திருப்பார், இதில் ஜான் பன்றியின் காதைப் பிடித்திருப்பார்.

இவ்வளவு சண்டையும் நடந்தது பாட்டுகளுக்குள்தான். 'ராம்', 'இமேஜின்' இரண்டையும் அடுத்தடுத்து முழுதாகக் கேட்டால் ஒரு வாக்குவாதத்தை ஒட்டுக் கேட்பது போலவே இருக்கும். பிளேலிஸ்ட்டோ இருவரையும் சமாதானம் செய்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. அவர்கள் கேட்காத சமாதானம்!

இதே பழக்கம் 1980 நவம்பரில் வந்த 'டபுள் ஃபேண்டஸி'யிலும் கையை வைக்கும். ஜான் ஒரு பாட்டு, யோகோ ஒரு பாட்டு என்று கணவன் மனைவி பேசிக்கொள்வதாக அமைத்த ஆல்பம் அது. யோகோவின் பாட்டுகளை நீக்கிவிட்டு 'நல்லதை மட்டும்' கேட்கிறவர்கள் ஏராளம். தொலைபேசியில் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுக் கதை புரியவில்லை என்கிறார்கள். யோகோவின் குரல் பிடிக்கவில்லையா, சரி. ஒரே ஒரு தடவை முழுதாக ஓடவிடுங்கள். 'ஐ'ம் லூசிங் யூ' முடிந்ததும் 'ஐ'ம் மூவிங் ஆன்' எப்படி நுழைகிறது என்று கவனித்த பிறகு வேண்டுமானால் நீக்குங்கள்.

அந்தத் தம்பி இன்னும் அந்தப் பட்டியலை அழிக்கவில்லை. போன மாதம் அதற்கு இரண்டாம் பாகம் அனுப்பினான்.

ரிங்கோவை விட்டுவிடுவது

1973-ல் வந்த 'ரிங்கோ'. பிரிந்த பிறகு நால்வரின் பங்கும் இருக்கும் முதல் ஆல்பம் இதுதான். ஆனால் நால்வரும் ஒரே பாட்டில் சேரவில்லை.

மூன்றாவது இசைத்தட்டையும் கேட்டே ஆக வேண்டும் என்று நினைப்பது

'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'-இன் மூன்றாவது தட்டு பெரும்பாலும் நண்பர்கள் கூடி வாசித்த நேரப்போக்கு. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஆளின் பெயரை மட்டும் தேடுவது

பால் மெக்கார்ட்னி என்று மட்டும் தேடினால் அவருடைய எழுபதுகளில் பெரும்பகுதி உங்கள் கையிலிருந்து நழுவிவிடும். 'ராம்' பால், லிண்டா இருவர் பெயரிலும் வந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டு முழுக்க 'விங்ஸ்' குழு. 'பேண்ட் ஆன் தி ரன்' அவர்களுடையதுதான். 1973-ல் நைஜீரியாவின் லாகோஸுக்குக் கிளம்பும் நேரத்தில் குழுவில் இருவர் விலகிக்கொள்ள, பால், லிண்டா, டென்னி லேன் மூவருமாகவே போய்ப் பதிவு செய்தார்கள். அங்கே வழிப்பறியில், பாட்டுகளின் முன்மாதிரிப் பதிவுகளான டெமோ டேப்புகளும் போயின. 'தி ஃபயர்மேன்' என்ற பெயரிலும் பால் ஒளிந்திருக்கிறார். ஜார்ஜைத் தேடுகிறவர்கள் அவர் இருந்த 'டிராவலிங் வில்பரிஸ்' குழுவின் முதல் ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், 1988-ல் வந்தது.

ரீமிக்ஸையும் ரீமாஸ்டரையும் ஒன்றென எண்ணி வாங்குவது

காசு போகும் இடம் இது. ரீமாஸ்டர் என்றால் பழைய கலவை அப்படியே இருக்கும், ஒலி மட்டும் துலக்கப்பட்டிருக்கும். ரீமிக்ஸ் என்றால் மூல டேப்புக்கே போய்க் குரல், டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்திருப்பார்கள். பாட்டு அதேதான், ஆனால் கேட்பது வேறொன்று.

லெனன் ஆல்பங்களில் இந்தக் குழப்பம் அதிகம். 2000-க்குப் பிறகு வந்த சிடி-களில் பல, யோகோவின் மேற்பார்வையில் ரீமிக்ஸ் செய்யப்பட்டவை. 'சம் டைம் இன் நியூயார்க் சிட்டி' 2005 பதிப்பில் சில பகுதிகளே இல்லை. 2010 பதிப்புகளில் மூலக் கலவை திரும்ப வந்தது. 2018-லிருந்து வரும் 'அல்டிமேட்' வரிசை மறுபடி ரீமிக்ஸ். அட்டையோ கிட்டத்தட்ட அதே அட்டை. ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'-உம் 2021-ல் ரீமிக்ஸ் ஆனது. ஸ்பெக்டரின் எதிரொலி குறைந்து குரல் முன்னால் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் முதன்முதலாகக் கேட்கிறவர், 1970-ல் உலகம் கேட்டது இதைத்தான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய பெட்டியாக வாங்கும் முன் பின்னட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சிங்கிள்களை மறப்பது

ஆல்பங்களை மட்டும் கேட்டால் 'இன்ஸ்டன்ட் கர்மா', 'அனதர் டே', 'இட் டோன்ட் கம் ஈஸி' எதுவும் வராது. மூன்றும் ஆல்பத்தில் சேராமல், தனிப்பாட்டுத் தட்டான சிங்கிளாக மட்டுமே வெளியானவை. தொகுப்பு ஆல்பத்துக்கு நியாயமான வேலை இருக்கிறதென்றால் அது இதற்குத்தான். ஆனால் 1976-ல் வந்த ஹாரிசனின் 'பெஸ்ட் ஆஃப்' மாதிரி வாங்கிவிடாதீர்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க பீட்டில்ஸ் பாட்டு.

பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கேட்பது

'ராம்' வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. இன்று பாலின் தலைசிறந்த ஆல்பம் அதுதான் என்று சொல்கிறவர்கள் நிறைய. 1974-ல் தொண்டை கட்டிய குரலோடு ஹாரிசன் பாடிய 'டார்க் ஹார்ஸ்'-உம், அதையொட்டிய வட அமெரிக்கச் சுற்றுப்பயணமும் அடி வாங்கின. பயணத்தில் கூட வந்த ரவிசங்கரின் குழுவில் வயலினுக்கு எல். சுப்பிரமணியமும் மிருதங்கத்துக்கு டி.வி. கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள் என்று சொன்னால் நம் ஊர் கச்சேரி ரசிகர்களே கண்ணை விரிக்கிறார்கள். ஆல்பம் சுமார்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

1980-உடன் நிறுத்திவிடுவது

லெனன் கொல்லப்பட்டதோடு கதை முடிந்தது என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பால் அதன் பிறகு செய்ததில் தள்ளிவிட வேண்டியது நிறைய உண்டு, எண்பதுகளின் நடுப்பகுதியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் 1997-ன் 'ஃபிளேமிங் பை', 2005-ன் 'கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் தி பேக்யார்ட்' இரண்டும் முதல் வரிசை. இரண்டாவதைத் தயாரித்த நைஜல் காட்ரிச், பாலின் வழக்கமான இசைக்குழுவை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலான கருவிகளை அவரையே வாசிக்க வைத்தார். பிடிக்காத பாட்டுகளைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். 1970-க்குப் பிறகு பாலுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைத்தது அபூர்வம், ஆல்பத்தில் அது கேட்கிறது. ஹாரிசனுக்கு 1987-ன் 'கிளவுட் நைன்', அப்புறம் 2001-ல் அவர் இறந்த பிறகு மகன் தானியும் ஜெஃப் லின்னும் முடித்து 2002-ல் வெளியிட்ட 'பிரெய்ன்வாஷ்டு'. யுகுலேலே வாசிப்பதில் அவருக்கு இருந்த பைத்தியம் அதில் நன்றாகவே தெரியும்.