விரிசல் விட்ட இன்ஜின் மூடியை வீட்டுப் பட்டறையில் பற்றவைத்தல்

பைக் சாய்ந்து விழும்போது பெரும்பாலும் அடிபடுவது இன்ஜினின் பக்கவாட்டு மூடிதான். வார்ப்பு அலுமினியத்தால் ஆன அந்த மூடியில் விரிசல் விட்டாலோ போல்ட் காது உடைந்தாலோ, ஏசி (மாறுதிசை) மின்னோட்டம் தரும் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் எழும் மின்பொறியால், ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்கும் முறை) இயந்திரம் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். சக்கரம், ஹேண்டில் போன்ற, உயிரோடு விளையாடும் பாகங்களில் மட்டும் இதைச் செய்துபார்க்கவே கூடாது. மூடியின் ஓரத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது மெக்னீசியம் கலவையாக இருக்கக்கூடும். அதன் தூள் தீப்பற்றும் என்பதால் அந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

இந்த வேலையில் பற்றவைப்பதைவிடச் சுத்தம் செய்வதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். நெடுநாள் எண்ணெயில் கிடந்த வார்ப்பின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். முதலில் விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பின்னர் கார்பைடு பர் (சுழன்று உலோகத்தைக் குடையும் வெட்டுமுனை) கொண்டு ‘வி’ வடிவப் பள்ளமாகக் குடைந்தெடுக்க வேண்டும். கிரைண்டர் கல்லின் துகள்கள் மென்மையான உலோகத்தில் பதிந்துவிடுவதால் அதைத் தவிர்க்கலாம். பிறகு அசிட்டோனால் துடைத்து, அது முழுவதும் ஆவியானபின், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் (வெல்டிங் மின்பொறியின்) வெப்பத்திலும் கதிர்வீச்சிலும் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைப்பதற்காகவே ஏசி தேவைப்படுகிறது.

மூடி கோணிக்கொள்ளாதபடி கனமான தட்டையான தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, 100 முதல் 150 டிகிரி வரை சூடேற்றிக்கொள்ளுங்கள். வார்ப்புக்கு 4043 ரக ஃபில்லர் கம்பி (உருக்கி நிரப்பும் கம்பி), 2.4 மி.மீ. டங்ஸ்டன் முனை, நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் தூய ஆர்கான் ஆகியவை பொருந்தும், 3 மி.மீ. கனத்துக்குச் சுமார் 120 ஆம்பியரில் தொடங்கலாம். அலுமினியத்தில் கதிர்கள் எதிரொளிக்கும் என்பதால், வெல்டிங் தலைக்கவசத்தோடு கழுத்தையும் கைகளையும் பருத்தித் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

இரும்பைப் போல இது சிவந்து முன்னறிவிப்புத் தராது. மேற்பரப்பு சற்றே சுருங்கி, சட்டென்று கண்ணாடிபோல் மின்னும். அந்தக் கணத்தில் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும். உருகிய குட்டையில் கரும்புள்ளிகள் மிதந்து வந்தால், உள்ளிருந்து எண்ணெய் கசிகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, அந்தப் பகுதியைக் குடைந்தெடுத்து, மீண்டும் சுத்தம் செய்து தொடருங்கள். பழைய மூடிகளில் இது பலமுறை நேரும். அவசரப்பட்டு மேலே உலோகத்தைக் கொட்டினால் உள்ளே ஓட்டைகள்தான் மிஞ்சும். முடிக்கும்போது மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதிக் குழியை ஒரு துளி ஃபில்லரால் நிரப்பாவிட்டால் அங்கிருந்தே புதிய விரிசல் தொடங்கும்.

மெதுவாக ஆறவிட்டு, கேஸ்கட் அமரும் முகத்தை அரத்தால் சமப்படுத்தியபின், வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு, உட்புறம் மண்ணெண்ணெய் தடவுங்கள். சுண்ணாம்பில் ஈரக்கறை தெரியும் இடத்தை மட்டும் குடைந்து, மண்ணெண்ணெயின் சுவடே இல்லாதபடி அசிட்டோனால் துடைத்து உலர்த்திய பிறகு திரும்பப் பற்றவைக்கலாம்.