பிள்ளைகளோடு துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடப் போகிறீர்களா? முதலில் விரலைப் பழக்குங்கள்

போன வருஷம் ஜூன் விடுமுறைக்கு டெக்சஸில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவானதும் என் மனைவி டிக்கெட் விலையைக் கேட்கவில்லை. "உங்க அண்ணன் வீட்டுல துப்பாக்கி இருக்குல்ல?" என்றுதான் கேட்டாள். இருக்கிறது. பெட்டகத்தில் பூட்டித்தான் வைத்திருக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டில்? அண்ணன் பையனின் நண்பன் வீட்டில்?

எங்கள் மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகள் நிஜத் துப்பாக்கியைப் பார்ப்பது போலீஸ்காரர் இடுப்பில் மட்டும்தான். மற்றபடி அவர்கள் கையில் எடுத்த அத்தனையும் பொம்மை. சோதித்துப் பார்க்க மகனிடம் அவனுடைய நெர்ஃப் துப்பாக்கியை, அந்த நுரைக்குண்டு பொம்மையை, நீட்டினேன். வாங்கிய கையோடு விரல் விசையில், முனை அக்காவின் மூக்கில். சரி, இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

படி 1: எதை வாங்கக் கூடாது

பொம்மையைத் தவிர வீட்டுக்கு எதுவும் வாங்காதீர்கள். இங்கே சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. இது நமக்குத் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்டும் ஜெல் குண்டுத் துப்பாக்கியும் இங்கே விளையாட்டுச் சாமான் இல்லை என்பது. இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாமல் வரவழைத்தால் வம்பு உங்களுக்குத்தான். நுரைக்குண்டு பொம்மை போதும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 2: நில், தொடாதே

அமெரிக்காவில் 1988 முதல் எடி ஈகிள் என்ற கழுகை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு விஷயம் சொல்லித்தருகிறார்கள்: நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல். இதை அப்படியே தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தேன். மனப்பாடம் மட்டும் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். பொம்மையைச் சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்து, ரிமோட் தேடச் சொல்லி மகனை அனுப்புவேன். முதல் மூன்று தடவையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

ஆனால் முழுப் பாரத்தையும் பிள்ளை தலையில் ஏற்றிவிடக் கூடாது. பூட்டி வைப்பது பெரியவர்கள் வேலை. அண்ணனிடம் போனில் நேராகவே கேட்டுவிட்டேன்: சாவி யாரிடம், தோட்டா தனியாகப் பூட்டியிருக்கிறதா? அண்ணி கொஞ்சம் முகம் சுளித்திருப்பார். பரவாயில்லை.

(அங்கே போன மூன்றாம் நாள் மகன் மூச்சிரைக்க ஓடி வந்து, "பெரியப்பா, மேசையில துப்பாக்கி!" என்றான். அண்ணனும் ஓடினார். பசை உருக்கி ஒட்டும் துப்பாக்கி. அதையும் அவன் தொடவில்லை.)

படி 3: விரல்

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதி சுருக்கமானது. குறியைப் பார்த்து, சுடுவது என்று தீர்மானிக்கும் வரை விரல் விசையில் இருக்கக் கூடாது. விசைக்கு மேலே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டி ஒட்டியிருக்க வேண்டும். காரணத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கால் தடுக்கினாலோ திடுக்கிட்டாலோ கை தானாக இறுகும். ஒரு கை இறுகினால் மற்றதும் சேர்ந்து இறுகும். அந்த நேரத்தில் விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சொன்னால் தலையாட்டினார்கள். கையில் கொடுத்தால் விரல் மறுபடி உள்ளே. விசை என்பதே விரலை உள்ளே இழுக்கிற மாதிரி வளைத்துச் செய்த பொருள், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இரண்டு வாரம் கத்திப் பார்த்தேன், பலனில்லை.

வழி காட்டியது கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே போத்தல். அதிலும் விசை இருக்கிறது! செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல், சுவரில் துளை போடும் டிரில், கழிவறையில் இருக்கும் கைக்குழாய், எல்லாவற்றிலும் விரலுக்கு ஒரு வேலை. வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: விசை உள்ள எதை எடுத்தாலும், தெளிக்கும் வரை விரல் வெளியே. மறந்தவர் டப்பாவில் 20 காசு போட வேண்டும், பிடித்துக் கொடுத்தவருக்கே அந்தக் காசு. ஒரு மாதத்தில் மகள் 80 காசு கட்டினாள், மகன் ஒரு வெள்ளி (டாலர்) 60. நான் நாலு வெள்ளி 20 காசு.

என் கதை அதோடு முடியவில்லை. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சி) நன்றாகச் சுட்டவன் என்ற நினைப்பு எனக்கு. பிள்ளைகளோடு இங்குள்ள ஒரு கிளப்பின் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்கு, முதல்முறை போனபோது பயிற்றுநர் காலியான ஏர் ரைஃபிளை (காற்றழுத்தத்தில் சுடும் நீளத் துப்பாக்கி) என்னிடம் நீட்டினார். வாங்கினேன். "அப்பா, விரல்!" என்றாள் மகள். பயிற்றுநர் சிரிக்கக்கூட இல்லை. துப்பாக்கியைத் திரும்ப வாங்கி மறுபடி நீட்டினார்.

மற்ற விதிகள் இதைவிடச் சுலபமாகப் பதிந்தன. எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை. சுட விரும்பாத எதையும் நோக்கி முனையைத் திருப்பாதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

படி 4: எந்தக் கண்?

வலது கைப் பழக்கம் என்றால் வலது கண்தான் குறி பார்க்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். மூன்று முறை ரேஞ்சுக்குப் போயும் மகளின் குண்டுகள் குறி அட்டையின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. அழுகை வேறு.

இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சின்ன முக்கோண ஓட்டை விடச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகத் தூரத்து விளக்கைப் பார்த்துக்கொண்டே கையை முகத்தருகே கொண்டுவரட்டும். ஓட்டை எந்தக் கண்ணுக்குப் போகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். என் மகளுக்கு இடது.

சின்ன வயதென்றால் துப்பாக்கியை வைக்கும் தோளையே மாற்றிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கிளப்பில் இடது கைத் துப்பாக்கி இல்லாததால் எங்களால் முடியவில்லை. இடது கண்ணுக்கு முன்னால் மங்கலான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மாட்டினோம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், கறுப்பு அட்டையும் வேண்டாம். ஒரு கண் இருட்டானால் இரண்டு கண்ணின் பாவையும் சேர்ந்தே விரியும், பார்க்கும் கண்ணும் கெடும். போட்டி விதியில் இந்தத் துண்டு 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. பால் நிறப் பிளாஸ்டிக் கோப்பு உறையில் வெட்டிக்கொண்டேன், செலவு இல்லை.

படி 5: துடைப்பக் கட்டை

போட்டித் தூரம் 10 மீட்டர். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் அவ்வளவு இடம் ஏது? 5 மீட்டர் போதும். ஏர் ரைஃபிள் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், பாதித் தூரத்துக்குப் பாதி அளவு. ஐந்து காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய வட்டத்தைக் கறுப்பாக வரைந்து, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து நிற்கட்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, மனதுக்குள் சுட்டு, சுட்ட பிறகும் இரண்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் அது துடைப்பமாகிவிடும்.

கணினியோடு இணைக்கும் பயிற்சிக் கருவிகளும் விற்கிறார்கள். தொடக்கத்தில் தண்டச் செலவு.

படி 6: ரேஞ்சில் முதல் நாள்

வயது வரம்பு கிளப்புக்குக் கிளப் மாறும், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். துப்பாக்கி கிளப்பில்தான் இருக்கும், நீங்கள் எதுவும் கொண்டுபோக வேண்டாம். பிஸ்டல் சிறியதாக இருக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். குட்டைக் குழலின் முனை மணிக்கட்டு திரும்பிய பக்கமெல்லாம் திரும்பும். ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, உட்கார்ந்தபடி தொடங்கட்டும். போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், பிள்ளையின் கை தாங்காது.

குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகியிருக்கும். அது வெளியே தெரிந்தால் குண்டு இல்லை என்று அர்த்தம். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். "ஸ்டாப்" காதில் விழுந்தால் அடுத்த குண்டு கிடையாது, பாதிக் குறியில் இருந்தாலும் விரல் வெளியே.

அட்டையின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். மகன் அதைப் பார்த்துவிட்டு, "எறும்பா அப்பா?" என்றான். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கினாரே, அதில் ஒன்று இந்த எறும்பைச் சுட்டுத்தான் என்றேன்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஓர் அம்மா, காற்றுத் துப்பாக்கிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எதற்கு என்று கேட்டிருந்தார். குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது, தெறித்தால் கண் போய்விடும். கட்டாயம் போடுங்கள்.

சுட்ட பிறகு கை கழுவ வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பெல்லட் குண்டு பெரும்பாலும் ஈயம். எண்ணுகிறேன் என்று பிள்ளைகள் அதைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருப்பார்கள், சிலது வாய்க்கும் போகும். நாங்கள் ரேஞ்ச் முடிந்ததும் நேராகக் காப்பிக் கடைக்குத்தான் போவோம். முதல் நாள் அப்படியே உட்கார்ந்து புரோட்டாவைப் பிய்த்துவிட்டோம். இப்போது சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, என்னிடம் கையைக் காட்டிய பிறகுதான் தட்டு.