இன்சுலினோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

விமானத்தில் கீழே போடும் பெட்டிக்குள் இன்சுலினை வைக்காதீர்கள். சரக்கறைக் குளிரில் உறையலாம். உறைந்தது உருகினாலும் சரிவர வேலை செய்யாது. தேவையைப் போல இரு மடங்கை மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

பெரிய ஆபத்து, கையிருப்பு தீர்ந்து தமிழ்நாட்டில் வாங்கும்போதுதான். லண்டனிலும் டொராண்டோவிலும் பொதுவாகக் கிடைப்பது ஒரு மி.லி.க்கு 100 யூனிட். இந்தியாவில் குப்பியில் வருவது பெரும்பாலும் 40 யூனிட். அதன் சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. நீங்கள் கொண்டுபோன 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உடம்பில் இறங்குவது 50 யூனிட். சர்க்கரை மளமளவென்று இறங்கி வலிப்பு வரலாம், உயிரே போகலாம். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தாலோ 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். நிறத்தை நம்பாதீர்கள், குப்பியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்டிருக்கும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். இன்சுலின் பேனாவால் ஊசி போடுகிறவர்கள் பேனாவிலேயே இருப்பது நல்லது. அதற்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது.

திறக்காததை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசருக்குத் தள்ளி வையுங்கள். திறந்தது 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் 28 நாள் தாங்கும். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35ஐத் தாண்டிவிடும். கரண்ட் போனால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமணல், உள்ளே பிளாஸ்டிக் பையில் கட்டிய மருந்து. மதுரைப் பக்கம் இது நன்றாகக் குளிரும். யாழ்ப்பாணம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள்.

கிழக்கே பறக்கும்போது நாள் சுருங்கும். நீண்டநேர இன்சுலினை ஊர் நேரத்துக்குப் போட்டால் இரு ஊசிகளுக்கு இடைவெளி குறைந்துவிடும். அளவை மாற்றுவது பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பாட்டு ஊசி வேகமாக வேலை செய்கிற வகையென்றால், இலையில் சோறு விழுந்த பிறகு போடுங்கள்.

ஊர் ஆய்வுக்கூடத்தில் ரத்தச் சர்க்கரைக்கு மி.கி. கணக்கு, உங்கள் மீட்டர் மில்லிமோல் காட்டினால் 18ஆல் பெருக்குங்கள். மி.கி. கணக்கில் 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 அழையுங்கள்.