கிரஷரில் கை கால் போவது எங்கே: ஆபரேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் திருக்கனூர்க்காரன். பதினெட்டு வருஷமாகத் திருவக்கரைப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களில் ஆபரேட்டர். எங்கள் முக்கால் ஜல்லியும் எம் சாண்டும் லோடு லோடாகப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் போகின்றன. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் வரிசை. ஸ்டார்ட் செய்யும்போது வால் பக்கமிருந்து தலைக்கு வர வேண்டும். ஜல்லியைக் குவியலில் கொட்டும் ஸ்டாக் பெல்ட், சல்லடை, கல்லை இரண்டாவதாகச் சிறிதாக உடைக்கும் கோன், பெருங்கல்லை முதலில் உடைக்கும் தாடை மெஷினான ஜா, கடைசியில்தான் கல்லை உள்ளே தள்ளும் ஃபீடர். கோனுக்கு முன்னால் அதன் ஆயில் பம்ப் ஓட வேண்டும். நிறுத்தும்போது தலைகீழ்: ஃபீடரை நிறுத்தி, வயிற்றில் கிடக்கும் கல் உடைந்து காலியான பிறகே ஜாவை நிறுத்த வேண்டும். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கல்லோடு நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் காலையில் மோட்டார் உறுமும், வி பெல்ட் புகையும், ஜா அசையாது.

நாம் சரியாக இருந்தாலும் கரண்ட் போய்விட்டால் கல்லோடுதான் நிற்கும். பெரிய விபத்து அப்போதுதான் காத்திருக்கிறது. ஒரு கிரஷரில் நான் கண்ணால் பார்த்தது இது. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மெஷின் செத்துக் கிடக்கிறது என்று நினைத்த ஹெல்பர் கடப்பாரையோடு ஜாவுக்குள் இறங்கினான். இடுக்கில் சிக்கியிருந்த கல்லை நெம்பியதும், அதுவரை அடங்கியிருந்த ஃபிளைவீல் என்கிற கனமான சக்கரம், எடை கட்டிய பக்கம் கீழே வரும்படி கால் சுற்று சுற்றியது. ஜா ஒரு தடவை நெருங்கியது, அவ்வளவுதான். கம்பூட்ஸின் நுனி தட்டையாகிப் போனது. காலை எப்படி உருவினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அதனால் கரண்ட் இல்லாவிட்டாலும் மெயினை இறக்கிப் பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். ஃபிளைவீல் அசையாமல் கட்டை கொடுங்கள். கல்லை மேலேயிருந்து சங்கிலி போட்டுத் தூக்குங்கள், இல்லையென்றால் கல்லுடைக்கும் சுத்தி மெஷினான பிரேக்கர் வைத்து உடையுங்கள். ஜாவுக்குள் ஆள் இறங்கவே வேண்டாம். ஓடும் பெல்ட்டின் வால் உருளைக்கடியில் மண்வெட்டி விட்டு வாருவதும் இதே ரகம். சட்டைக் கை சிக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது டாகிள் பிளேட், ஜாவுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் தகடு. பொக்லைன் பக்கெட்டின் பல் மாதிரி இரும்பு ஏதாவது உள்ளே விழுந்தால் முதலில் உடைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி உடைகிறதே என்று தடித்த தகடாக வெல்டிங் அடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அடி முழுவதும் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் போகும். டாகிளின் விலை எங்கே, ஷாஃப்ட்டின் விலை எங்கே! உடைந்தால் ஏன் உடைந்தது என்று பாருங்கள். பெல்ட் மேல் தொங்கும் காந்தம் கோனைத்தான் காப்பாற்றும். ஜாவுக்கு முன்னால் உங்கள் கண்தான் காவல்.

30க்கு 20 ஜா என்றால் வாய் 30 அங்குல அகலம், 20 அங்குலத் திறப்பு. அதில் 16 அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லைத் தள்ளாதீர்கள், மேலேயே பாலம் கட்டி நின்றுவிடும். கோனுக்கு நேர்மாறான தவறு நடக்கிறது. அரை வயிற்றுக்குக் கல் போட்டு ஓட்டுகிறார்கள். வயிறு நிறைந்திருந்தால்தான் கல்லோடு கல் மோதிக் கனசதுரமாக உடையும். குறைந்தால் உள்ளே பதித்திருக்கும் இரும்புக் கவசமான லைனர் ஒரு பக்கமாகத் தேயும், ஜல்லி தட்டையாக வரும். தட்டையும் நீளமுமான கல் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383 (2016) விதி. தாண்டினால் சைட்டிலிருந்து லோடு திரும்பி வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர மண்ணோடு வரும் கல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். அந்த மாதங்களில் ஃபீடரிலேயே மண்ணைப் பிரித்துத் தள்ளுங்கள். ஸ்டார்ட்டர் பேனலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பட்டனில் கை வைக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது தூசி விஷயம்தான். கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆனால் குணமாக்க வழியில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்திருந்தார்கள். துண்டைக் கட்டினால் போதும் என்கிறார்கள் தம்பிகள். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆளைக் கொல்கிறது, அது துண்டின் நூலிடுக்கில் புகுந்து போய்விடும். என் 95 மாஸ்க் போடுங்கள். தண்ணீர் ஸ்பிரே இருந்தும் பல இடங்களில் நாசில் அடைத்தே கிடக்கிறது. காலையில் ஃபீடர் போடுவதற்கு முன் ஒரு கம்பியால் அந்த நாசிலைக் குத்தி, தண்ணீர் விசிறி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.